பந்த் என்றால் மூடு

நீண்ட பதிவு. பொறுமை இருப்பவர்கள் வாசிக்கலாம்.

சென்ற வாரம் எங்கள் துறையின் ஆய்வுக் கருத்தரங்கில் நான் பேசி முடித்ததும் மூத்த பேராசிரியர் ஒருவர் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்டார். மொழியியலில் முதுகலை முடித்தவருக்கு மின்கட்டுப்பாட்டுத் திட்டங்களில் என்ன வேலை இருந்தது? அந்த வேலையை ஏன் விட்டீர்கள்? முதற் கேள்விக்கு விரிவாகவே விடை சொன்னேன். இரண்டாவதற்கு, "ஆய்வு செய்யும் விருப்பம் மேலோங்கியது" என்று சொல்லிவிட்டு அமர்ந்துவிட்டேன். அவையில் சொல்வதற்கு அது போதும். உண்மையில் அது கால் பங்குகூட இல்லை. மீதியை இங்கே எழுதிவைக்கிறேன்.

முதுகலை முடித்த ஆண்டில் எனக்கு ஆய்வு நல்கை கிடைக்கவில்லை. வீட்டில் காத்திருக்கும் நிலையும் இல்லை. வடோதராவில் ஒரு நிறுவனம் ஆவண ஒருங்கிணைப்பாளர் வேலைக்கு ஆள் தேடியது. ஆங்கிலம் பிழையின்றி எழுத வேண்டும், இந்தி பேசத் தெரிய வேண்டும் என்பவைதான் நிபந்தனைகள். மின்மாற்றிகளும் மின்பேனல்களும் செய்யும் சிறிதும் பெரிதுமான தொழிலகங்கள் நிறைந்த ஊர் அது. ஓர் ஆலையோ நீரேற்று நிலையமோ கட்டப்படும்போது, அதன் மோட்டார்களுக்கு மின்சாரம் பகிரும் பேனல்கள், அவற்றுக்குக் கட்டளையிடும் பி.எல்.சி., எல்லாவற்றையும் திரையில் காட்டும் ஸ்காடா ஆகியவற்றை வடிவமைத்துச் செய்து, தளத்தில் நிறுவி, ஓட்டிக் காட்டி ஒப்படைப்பது எங்கள் நிறுவனத்தின் தொழில். இரண்டு ஆண்டுகளுக்குச் சற்று மேல் அங்கே இருந்தேன்.

இத்தகைய திட்டத்தை வெளியிலிருந்து பார்ப்பவர் இரும்பும் செம்பும் கம்பியும்தான் வேலை என்று நினைப்பார். நானும் அப்படித்தான் நினைத்துப் போனேன். முதல் ஆறு மாதங்கள் நான் கண்டவை தாள்கள் மட்டுமே. வாடிக்கையாளர் தமக்கு என்ன வேண்டும் என்று ஓர் ஆவணம் தருவார். அதைப் படித்து, இந்த இந்த நிலையில் இந்த இந்த இயந்திரம் இப்படி நடந்துகொள்ளும் என்று நாங்கள் ஒரு செயல்விவரக் குறிப்பு எழுதுவோம். அதிலிருந்து உள்ளீடு, வெளியீடுகளின் பட்டியல் பிறக்கும். அதைத் தளத்தில் எல்லோரும் ஐ.ஓ. லிஸ்ட் என்பார்கள். அதிலிருந்து வயரிங் வரைபடம், கேபிள் அட்டவணை, நிரல், திரைகள், சோதனை நெறிமுறை. பேனல் எங்கள் கூடத்திலிருந்து வெளியேறும் முன் வாடிக்கையாளர் வந்து செய்யும் ஏற்புச் சோதனைக்கு ஃபேட் என்று பெயர். தளத்தில் அதே சோதனை மீண்டும் நடந்தால் அது சாட். ஒவ்வொரு படியிலும் ஒரு கையொப்பம், ஒவ்வொரு கையொப்பத்துக்குப் பின்னும் ஒரு தவணைப் பணம். முதல் தாளில் இருக்கும் ஓர் இரட்டுறல் கடைசி மோட்டார் வரை நடந்து போகும் வழி இது.

மொழியியல் மாணவிக்கு அங்கே விருந்து காத்திருந்தது. கருவிகளுக்குப் பெயரிடும் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஐ.எஸ்.ஏ. 5.1 என்ற தரநிலையின்படி, ஒவ்வொரு கருவிக்கும் சில எழுத்துகளும் ஓர் எண்ணும் கொண்ட அடையாளம் உண்டு. முதலெழுத்து எதை அளக்கிறது என்பதைச் சொல்லும். பின்வரும் எழுத்துகள் கருவி என்ன செய்கிறது என்பதைச் சொல்லும். 'டி' முதலில் நின்றால் வெப்பநிலை; இறுதியில் நின்றால் அளவைச் சமிக்ஞையாக அனுப்பும் கருவி. ஆகவே 'டி.டி.' என்பதில் இரண்டு 'டி'களும் ஒன்றல்ல. 'ஐ' முதலில் வந்தால் மின்னோட்டம், பின்னால் வந்தால் காட்டும் கருவி. நிற்கும் இடமே பொருளை முடிவுசெய்கிறது. இப்படிப்பட்ட ஒட்டுநிலை மொழியொன்றைப் பொறியாளர்கள் தங்களுக்குத் தெரியாமலே பேசிக்கொண்டிருந்தார்கள். நான் இதைச் சொன்னபோது சிரித்தார்கள்.

இன்னொன்றும் என்னை வியக்கவைத்தது. தளத்துக் கருவிகள் தங்கள் அளவை 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரையிலான மின்னோட்டமாக அனுப்பும். தொட்டி வெறுமையாக இருந்தால் 4, நிரம்பினால் 20. சுழியத்திலிருந்து தொடங்காமல் 4-இலிருந்து தொடங்குவதற்கு ஒரு முக்கியமான காரணம், கம்பி அறுந்தால் மின்னோட்டம் சுழியமாகிவிடும் என்பது. 4 வந்தால் 'ஒன்றுமில்லை' என்று கருவி சொல்கிறது. சுழியம் வந்தால் கருவி பேசவே இல்லை. வகுப்பில் சுழிய உருபு பற்றி எத்தனையோ மணிநேரம் கேட்டிருக்கிறேன். சொல்லப்பட்ட இன்மைக்கும் வெறும் மௌனத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு கம்பியைக்கொண்டு யாரும் எனக்கு விளக்கியதில்லை.

எங்கள் திட்ட மேலாளரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஐம்பதை நெருங்கிய குஜராத்திக்காரர்; எல்லோரும் சாஹேப் என்றுதான் அழைப்போம். மின்பொறியியலில் பட்டயப் படிப்பு. வரைபடங்களில் அடிக்கடி வரும் இரண்டு ஆங்கிலச் சொற்களின்மேல் அவருக்குத் தீராப் பகை. 'பை அதர்ஸ்.' பிறரால். பேனலிலிருந்து மோட்டாருக்குச் செல்லும் கேபிளின் மறுமுனை இணைப்பு: பிறரால். கேபிள் தாங்கும் தட்டு: பிறரால். நிலத்தொடர்புக் குழி: பிறரால். எங்கள் வரைபடம் 'பிறரால்' என்னும். கட்டட ஒப்பந்தக்காரரின் வரைபடமும் அதே வேலையைப் 'பிறரால்' என்னும். பம்பு கொடுத்தவரின் ஆவணமும் அப்படியே. தளத்துக்குப் போனால் அந்த வேலையைச் செய்தவர் எவரும் இருக்கமாட்டார். சாஹேப் ஒவ்வொரு திட்டத்தின் தொடக்கத்திலும் எல்லா ஆவணங்களிலும் உள்ள 'பிறரால்'களைத் தேடியெடுத்துப் பட்டியலிடச் சொல்வார். பிறகு வாடிக்கையாளர் கூட்டத்தில் அமர்ந்து ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு நிறுவனத்தின் பெயரையும் ஒரு மனிதரின் பெயரையும் எழுதவைப்பார். பெயர் எழுதப்படாமல் கூட்டம் முடியாது. செயப்பாட்டு வினையில் கருத்தா மறைவதைப் பற்றி நான் படித்த கட்டுரைகள் அனைத்தையும்விட அந்தப் பட்டியல் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இரண்டாம் ஆண்டில் என்னைத் தளத்துக்கு அனுப்பினார்கள். பரூச் மாவட்டத்தில் ஓர் ஆலையின் கழிவுநீர் நீரேற்று நிலையம். சோதனை நெறிமுறைகளை நானே எழுதியிருந்தேன். சோதனை நடக்கும்போது அருகிருந்து குறித்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. தளத்தில் எங்கள் ஆட்கள் ஐவர். மேற்பார்வையாளர் உள்ளூர்க்காரர். ஃபோர்மேன் மராட்டியர், அறுபது வயதிருக்கும், எல்லோருக்கும் காகா. பொறியாளர் கோயம்புத்தூர்ப் பக்கத்து இளைஞர், கல்லூரி முடித்து எட்டு மாதம் ஆகியிருந்தது. வயரிங் வேலைக்கு ஒடிசாவின் கஞ்சாம் மாவட்டத்திலிருந்து ஒருவர்; என்னைத் தீதீ என்று அழைப்பார்; ஒப்பந்தக்காரர் வழியாக வந்த ஆள். பிறகு நான்.

மின்னறையின் கதவில் சட்டப்படி அபாய அறிவிப்பு இருந்தது. மண்டையோடும் எலும்பும், அதன்கீழ் ஆங்கிலம், இந்தி, குஜராத்தி. அறிவிப்பு இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருப்பதோடு மாவட்டத்தின் மொழியிலும் இருக்க வேண்டும் என்பது விதி. 2010-இன் மத்திய மின்சார ஆணைய ஒழுங்குமுறைகளிலும் அது இருந்தது. கதவைத் திறந்து உள்ளே போனால் பொத்தான்கள், விளக்குகள், திரை, நான் எழுதிய நெறிமுறை என அனைத்தும் ஆங்கிலம். அபாயம் என்பதை மூன்று மொழிகளில் சொல்லிவிட்டோம். அபாயத்திலிருந்து தப்பும் வழியை ஒரே மொழியில் வைத்திருந்தோம். வயர்மேன் படிக்கத் தெரிந்த மொழி ஒடியா.

அந்த இளைஞருக்கு இந்தி சுத்தமாக வராது. என்னை அக்கா என்று அழைப்பார். மாலை வேளைகளில் விடுதியில் அவருக்கு இந்தி கற்றுக்கொடுப்பதை நான் விரும்பியே ஏற்றேன். பாடம் என்றால் எனக்கு ஒழுங்கு வேண்டும். ஆகவே ஒரு குறிப்பேட்டில் சொல்லும் பொருளுமாக எழுதிக் கொடுத்தேன். தர்வாஸா பந்த் கரோ: கதவை மூடு. துகான் பந்த் ஹை: கடை மூடியிருக்கிறது. பந்த்: மூடு, மூடிய. நம் செய்தித்தாள்கள் முழு அடைப்புக்குப் பயன்படுத்தும் பந்த் என்னும் சொல்லும் இதே குடும்பம்தான் என்று ஒரு குறிப்பும் சேர்த்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

இப்போது மின்சுற்றுக்கு வாருங்கள். நாம் ஆறாம் வகுப்பிலோ ஏழாம் வகுப்பிலோ படித்திருப்போம்: மூடிய மின்சுற்றில் மின்சாரம் பாயும், திறந்த மின்சுற்றில் பாயாது. ஆங்கிலத்திலும் அதே உருவகம். பிரேக்கரை 'க்ளோஸ்' செய்தால் மின்சாரம் வரும், 'ஓப்பன்' செய்தால் நிற்கும். குழாய் வால்வுக்கு இது நேர் எதிர்: திறந்தால் நீர் வரும், மூடினால் நிற்கும். ஒரே நீரேற்று நிலையத்தில், ஒரே தாளில், பிரேக்கரும் வால்வும் அடுத்தடுத்த வரிகளில் இருக்கும். இதைப் பொறியாளர்கள் பழகிக்கொள்கிறார்கள். இந்தியிலும் குஜராத்தியிலும் சிக்கல் இன்னும் ஒரு சுற்று கூடுகிறது. விளக்கு பந்த், மின்விசிறி பந்த், மோட்டார் பந்த் என்றால் அது ஓடவில்லை, மின்சாரம் இல்லை. பிரேக்கர் பந்த் என்று மேற்பார்வையாளர் சொன்னால் அவர் நினைப்பது 'ஓப்பன்'. பந்த் என்பதை 'க்ளோஸ்' என்று பெயர்த்துப் புரிந்துகொள்பவர் அதற்கு நேர் எதிரானதைச் செய்வார். என் குறிப்பேட்டில் அப்படித்தான் எழுதியிருந்தது. கதவுக்கும் கடைக்கும் சரியான பொருள். பிரேக்கருக்கு ஆளைக் கொல்லும் பொருள். அகராதி வரியில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.

வண்ணங்களும் உதவவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டு மின்பேனல்களில் சிவப்பு விளக்கு எரிந்தால் பிரேக்கர் போடப்பட்டிருக்கிறது, பச்சை எரிந்தால் நிறுத்தப்பட்டிருக்கிறது. தெருவில் பழகிய கண்ணுக்கு இதுவும் தலைகீழ்.

அன்று நடந்தது இதுதான். பேனலில் இரண்டு பகுதிகள். நடுவே அவற்றை இணைக்கும் பிரேக்கர், பஸ் கப்ளர். முதற் பகுதியில் 415 வோல்ட் மின்சாரம் இருந்தது. இரண்டாம் பகுதியில் மின்சாரம் இல்லை. அதன் பின்புறத் தகட்டைக் கழற்றிவிட்டு வயர்மேன் உள்ளே கைவிட்டுச் செப்புப் பட்டைகளின் போல்ட்டுகளை முறுக்கிக்கொண்டிருந்தார். இளைஞர் பக்கத்துக் கட்டடத்தில், கட்டுப்பாட்டு அறையில், திரைமுன். நான் அவர் பக்கத்தில், கையில் நெறிமுறையோடு. முற்பகல் சோதனைகள் முடிந்து, அடுத்து கப்ளரைத் திரையிலிருந்து இயக்கும் சோதனை இருந்தது. வயர்மேன் வேலை முடிந்து வெளியே வந்த பிறகுதான் அதைத் தொடங்க வேண்டும்.

வாக்கி டாக்கியில் மேற்பார்வையாளரின் குரல் வந்தது. "கப்ளர் பந்த் ரக்னா." அதற்கு மேலும் ஏதோ சொன்னார்; வெளியே ஓடிக்கொண்டிருந்த ஜெனரேட்டர் சத்தத்தில் அது கேட்கவில்லை. உள்ளே ஆள் இருக்கிறான் என்று சொன்னதாகப் பிறகு தெரிந்தது. கப்ளரை நிறுத்தியே வைத்திரு என்பது அவர் கருத்து. இளைஞர் என் கையிலிருந்த தாளைப் பார்த்தார். அடுத்த வரி: பஸ் கப்ளர், அதன் எதிரே 'நிலை' என்ற கட்டத்தில் 'க்ளோஸ்டு'. சோதனை தொடங்கிவிட்டது என்று அவர் முடிவுசெய்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். இதை மறைப்பதில் பொருளில்லை: எனக்கு இந்தி நன்றாகவே தெரியும், ஆனால் அந்த நொடியில் நான் இந்தியைக் கேட்கவில்லை, தாளைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். அவர் திரையில் கட்டளையை அழுத்தினார். உறுதியா என்று திரை கேட்டது. ஆம் என்றார்.

பக்கத்துக் கட்டடத்திலிருந்து பிரேக்கர் விழும் சத்தம் வந்தது. கேட்டவர்களுக்குத் தெரியும், நெஞ்சில் அடிப்பதுபோல ஒரு சத்தம். திரையில் கப்ளரின் சின்னம் சிவப்பானது. ஆனால் இரண்டாம் பகுதியின் வோல்ட் அளவு சுழியத்திலேயே நின்றது. "அக்கா, மீட்டர் வயரிங் தப்பா இருக்கும்போல," என்றார். அதற்குள் வாக்கி டாக்கியில் ஒரே கூச்சல்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. காரணம் காகா. இந்த வகைப் பிரேக்கரை அதன் கூட்டுக்குள்ளேயே முன்னும் பின்னும் நகர்த்தலாம். முழுவதும் உள்ளே தள்ளினால் பணிநிலை. சற்று வெளியே இழுத்தால் சோதனைநிலை. சோதனைநிலையில் கட்டளைக் கம்பிகள் இணைந்திருக்கும், பிரேக்கர் விழும், எழும். பெருமின்சாரத்தோடு தொடர்பு மட்டும் இருக்காது. என் நெறிமுறையில் 'கப்ளர் ஓப்பன்' என்று மட்டுமே இருந்தது. வெளியே இழுக்க வேண்டும் என்றோ பூட்ட வேண்டும் என்றோ இல்லை. காகா அந்தத் தாளைப் படித்ததே இல்லை. ஆள் உள்ளே கைவைக்கும்போது கப்ளரைச் சோதனைநிலைக்கு இழுத்து, நகர்த்தும் துளையில் தம் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வது நாற்பது ஆண்டுப் பழக்கம். கூடவே நிலத்தொடர்புக் கம்பியும் போட்டிருந்தார்.

திரை ஏன் சோதனைநிலை என்று காட்டவில்லை? அந்தத் தகவலைத் தரும் தொடுமுனை பிரேக்கரில் இருந்தது. ஐ.ஓ. லிஸ்டில் உள்ளீடுகளைக் குறைக்கும்போது அதை நீக்கியிருந்தோம். நீக்கப்பட்ட வரிகளைச் சாம்பல் நிறத்தில் குறித்தவள் நான்.

இளைஞர் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். வெகுநேரம் கழித்து, "அக்கா, பந்த்னா க்ளோஸ்தானே? நீங்கதானே எழுதிக் கொடுத்தீங்க," என்று கேட்டார். குற்றம் சாட்டும் தொனி இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ள த்ரீ மைல் தீவு அணுமின் நிலையத்தில் 1979 மார்ச் 28 அன்று நடந்த விபத்தைப் பற்றி முதுகலை நாள்களில் எங்கோ படித்திருந்தேன். அந்த இரவு அது நினைவுக்கு வந்தது. அழுத்தத்தைத் தணிக்கும் வால்வு ஒன்று திறந்து, மூடாமல் சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையில் அதற்குரிய விளக்கு அணைந்தது. வால்வு மூடிவிட்டது என்று இயக்குநர்கள் எடுத்துக்கொண்டார்கள். அந்த விளக்கு வால்வின் நிலையைக் காட்டவில்லை. மூடும்படி கட்டளை போய்விட்டது என்பதைத்தான் காட்டியது. இரண்டு மணிநேரத்துக்கு மேல் குளிர்விக்கும் நீர் அந்த வழியே வெளியேறியது. அணு உலையின் மையத்தில் ஏறத்தாழப் பாதி உருகியது. 'மூடு' என்பதை 'மூடியிருக்கிறது' என்று படித்த கதை. ஏவலுக்கும் செய்திக்கும் இடையிலான வேறுபாடு எங்கள் துறையில் முதலாண்டுப் பாடம்.

என் தாளைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். 'நிலை' என்ற தலைப்பின்கீழ் சில வரிகளில் சோதனைக்கு முன் இருக்க வேண்டிய நிலையை எழுதியிருந்தேன், சிலவற்றில் கட்டளையை, சிலவற்றில் சோதனைக்குப் பின் எதிர்பார்க்கும் நிலையை. ஆங்கிலத்தில் 'க்ளோஸ்' என்பதற்கும் 'க்ளோஸ்டு' என்பதற்கும் ஓர் எழுத்துத்தான் வேறுபாடு. நாற்பது பக்க அட்டவணையில் அதை நானே கவனிக்கவில்லை. வாடிக்கையாளரின் பொறியாளர்கள் இருவர் கையொப்பமிட்டிருந்தார்கள். அவர்களும் கவனிக்கவில்லை. நல்ல ஆங்கிலத்துக்காகவே வேலைக்கு எடுக்கப்பட்டவள் நான்.

மறுநாள் காலை சாஹேப் வடோதராவிலிருந்து வந்துவிட்டார். யாரையும் திட்டவில்லை. எல்லோரையும் மின்னறை வாசலில் நிறுத்தி, வயர்மேனையும் துப்புரவுப் பணியாளரையும்கூடக் கூப்பிட்டு, இந்தத் தளத்தில் இனிப் பிரேக்கரைப் பற்றிப் பேசும்போது பந்த், க்ளோஸ், ஓப்பன் ஆகிய மூன்று சொற்களும் கிடையாது என்றார். ஆன், ஆஃப் மட்டும். அதுவும் பிரேக்கரின் எண்ணைச் சொன்ன பிறகு. கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொன்னது சரி என்று முதல்வர் சொல்லும்வரை கைவைக்கக் கூடாது. ஆங்கிலம் தெரியாத வயர்மேனுக்கும் தமிழ் இளைஞருக்கும் குஜராத்தி மேற்பார்வையாளருக்கும் ஒரே பொருளில் விளங்கும் சொற்கள் அந்த இரண்டும்தான் என்பதை அவர் எந்த ஆய்வும் செய்யாமல் கண்டிருந்தார். என்னிடம் நெறிமுறையைத் திருத்தச் சொன்னார். கட்டளைக்கு ஒரு கட்டம், கட்டளைக்குப் பின் கண்ணால் பார்த்து உறுதிசெய்யும் நிலைக்கு ஒரு கட்டம், பூட்டுப் போட்டவரின் பெயருக்கு ஒரு கட்டம். இரவெல்லாம் உட்கார்ந்து முடித்தேன். சோதனைநிலைத் தொடுமுனையும் பட்டியலுக்குத் திரும்பியது. அதற்கான கேபிள் செலவை யார் ஏற்பது என்று மூன்று வாரம் கடிதப் போக்குவரத்து நடந்தது, அது தனிக் கதை.

இதுவரை சொன்னதைக் கருத்தரங்கிலும் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் விட்டது இனி வருவது.

அன்று மாலை சாஹேப் என்னை அழைத்து, வாரஅறிக்கையில் இதற்கு மூன்று வரி எழுதித் தரச் சொன்னார். நான் நடந்ததை நடந்தபடி, முக்கால் பக்கம் எழுதிக்கொண்டு போனேன். படித்துவிட்டு, "பெயர்கள் வேண்டாம். சின்னதாக்கு," என்றார். சோதனை ஒப்புதல் கிடைத்தால்தான் அடுத்த தவணை வரும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தையும் அவர் சொன்னார்: பெயர் எழுதினால் வாடிக்கையாளர் முதலில் கேட்பது அந்தப் பையனை வெளியே அனுப்பச் சொல்லித்தான், எட்டு மாத அனுபவக்காரனுக்கு அதோடு இந்தத் தொழில் முடிந்தது. இரண்டும் உண்மை. எது முதற் காரணம் என்று என்னால் இன்றும் முடிவுசெய்ய முடியவில்லை. நான் மாற்றி எழுதினேன். சோதனையின்போது தகவல்தொடர்பில் சிறு பிழை ஒன்று கவனிக்கப்பட்டு உடனடியாகச் சரிசெய்யப்பட்டது என்பதுதான் அறிக்கையில் போன வாக்கியம். கவனிக்கப்பட்டது, சரிசெய்யப்பட்டது. யாரால்? அந்தக் கேள்வியைக் கேட்டே வாழ்ந்த மனிதர் சொல்லச் சொல்ல, அதையே படித்துவிட்டு வந்த நான் தட்டச்சு செய்தேன். அதில் ஓர் இலக்கணப் பிழைகூட இல்லை.

நெறிமுறையின் திருத்த வரலாற்றுப் பக்கத்தில், புதிய பதிப்புக்கு எதிரே, 'சொல்லாட்சி தெளிவாக்கப்பட்டது' என்று எழுதினேன்.

சம்பவம் நடந்த அன்றே, தேநீர் நேரத்தில், வயர்மேன் என்னிடம் வந்தார். உள்ளே இருந்தபோது பெரிய சத்தம் கேட்டது, பேனலே அதிர்ந்தது, என்ன ஆயிற்று தீதீ என்று கேட்டார். டெஸ்டிங் நடந்தது, ஒன்றுமில்லை என்றேன். அவர் தலையாட்டிவிட்டு மீதி போல்ட்டுகளை முறுக்கப் போனார். மறுநாள் வாசற்கூட்டத்தில் புதிய விதிகளைக் கேட்டபோதும் அவை தம் பொருட்டு வந்தவை என்று அவருக்குத் தெரியாது. சாஹேப் சொல்லவில்லை, காகாவும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. நான்கு மாதங்களில் வேலையை விட்டேன். கடிதத்தில் மேற்படிப்பு என்று காரணம் எழுதினேன். அதுவும் பொய் இல்லை.

இப்போது என் ஆய்வுத் தலைப்பு, பன்மொழிப் பணித்தளங்களில் வாய்மொழிக் கட்டளைகள். அந்த நிகழ்ச்சியை ஓர் இயலில் பயன்படுத்த, சம்பந்தப்பட்டவர்களின் எழுத்துவழி ஒப்புதல் வேண்டும். சாஹேப் தயங்காமல் கையொப்பமிட்டார். நிறுவனத்தின் பெயர் வரக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை. காகா கிராமத்துக்குத் திரும்பிவிட்டார்; மகன்வழியாகக் கையெழுத்து அனுப்பினார். இளைஞர் இப்போது வேறொரு நிறுவனத்தில் மூத்த பொறியாளர். ஒப்புதலோடு பழைய குறிப்பேட்டுப் பக்கத்தின் படத்தையும் அனுப்பியிருந்தார். என் கையெழுத்தில் 'பந்த்: மூடு, மூடிய'. அதன்கீழ் அவர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: 'பிரேக்கருக்கு இல்லை. அக்கா சொல்ல மறந்தது.'

வயர்மேனுடைய படிவம் நிரப்பப்படாமலே கோப்பில் இருக்கிறது. நிறுவனத்தின் பதிவேட்டில் அவர் பெயர் இல்லை. அவர் ஒப்பந்தக்காரரின் ஆள், எங்கள் ஆவணங்களின் கணக்கில் அவரும் 'பிறர்'தான். போன மாதம் ஒப்பந்தக்காரரின் எண்ணைத் தேடிப் பிடித்து அழைத்தேன். கஞ்சாமிலிருந்து என்னிடம் எத்தனையோ பேர் வந்து போயிருக்கிறார்கள், நீங்கள் யாரைக் கேட்கிறீர்கள் என்றார்.